ஆட்டோமேட்டிக் பிக்கப் 'டங்' என்று இடிக்கிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

செட்டிநாட்டுப் பக்கம் பிக்கப் வண்டி புதிதல்ல. ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றவும், புதுவயல் மில்லிலிருந்து அரிசி மூட்டை எடுக்கவும், காரைக்குடியில் பழைய கதவும் தூணும் வாங்கியவர் அதை ஊருக்குக் கொண்டுபோகவும் அதுதான் உதவுகிறது. ஆட்டோமேட்டிக் பிக்கப்தான் புதிது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளை வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பல வருடம் கிளட்சே மிதிக்காமல் ஓட்டிப் பழகிவிட்ட கால் அவர்களுடையது. வாங்கிக் கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வரும்: "அண்ணே, டி-யில போட்டா டங்குன்னு இடிக்குது, கியர்பாக்ஸ் போச்சா?"

(டி முன்னால் போக, ஆர் பின்னால் போக, என் நியூட்ரல், பி பார்க்கிங்.) பெரும்பாலும் போயிருக்காது. எஞ்சினில் தொடங்கி மவுண்டிங் ரப்பர், கியர்பாக்ஸ், ஜாயின்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு), கிரவுன் (ஆக்ஸில் நடுவே உள்ள பல்சக்கரம்), ஆக்ஸில், பட்டை (ஸ்பிரிங்) என்று போகும் வரிசையில் எங்கே ஆட்டம் இருந்தாலும் சத்தம் கியர் விழும் நேரத்தில்தான் கேட்கும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும். கிராஸ், அதாவது ஜாயின்ட் ஷாஃப்டின் மூட்டு, மாற்றச் சில ஆயிரம் ஆகும். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்தால் லட்சத்தைத் தாண்டலாம். அதனால் வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததற்கு என்ற வரிசையில் போவதுதான் சரி. அவசரப்பட்டு வரிசையை மாற்ற வேண்டாம்.

இங்கே சொல்வது டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள, பின்சக்கரம் இழுக்கிற, பட்டை ஸ்பிரிங் போட்ட பிக்கப்புகளுக்கு. பெரிய லாரிகளில் 'ஆட்டோ' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஏ.எம்.டி. அதற்குள் இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், கிளட்சை மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. அதற்கு இந்த வழி பொருந்தாது.

சத்தமா, உதறலா?

இந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்பு இரும்பில் முட்டுகிற மாதிரி ஒரே ஒரு 'டங்' கேட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் முதுகில் யாரோ தள்ளியது போல வண்டி எக்கினால் அது கியர் மாற்றத்தின் முரட்டுத்தனம். இரண்டும் சேர்ந்தும் வரும், ஆனால் எது முதன்மை என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

அடுத்தது, எப்போது வருகிறது என்பது. ஒரு தாளில் எழுதி வையுங்கள்: காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? நின்ற இடத்தில் கியர் போடும்போதா, நகரும்போதா, நின்ற பிறகா? எத்தனையாவது கியரில்? காலி வண்டியிலா, சுமையோடா? மெக்கானிக்கிடம் போய் "இடிக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் தனக்குப் பழக்கமான வேலையைச் செய்வார். "சூடான பிறகு, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும்" என்று சொன்னால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஓட்டிப் பார்க்க நம் ஊர் வசதியான ஊர். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும், உச்சி வெயிலில் ஆள் நடமாட்டமும் குறைவு. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீண்டிருக்கும் வீடுகளின் மதிலை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் போங்கள். வண்டிக்கு அடியிலிருந்து வரும் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். பொட்டல் ரோட்டில் கேட்காத சத்தமெல்லாம் அங்கே கேட்கும். வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டியதற்குத் திருமயம் சாலை இருக்கிறது.

நின்ற இடத்தில் டி அல்லது ஆர் போட்டதும் இடித்தால்

லேசாக ஒரு அசைவு வருவது இயல்பு. அது இடியாக மாறினால் முதலில் பார்க்க வேண்டியது ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம். டீசல் பிக்கப்புகள் சூடான பிறகு சுமார் 700 முதல் 850 ஆர்.பி.எம்.-க்குள் ஓடும். ஏசி போட்டதும் கொஞ்சம் ஏறும். எஞ்சின் ஆயிரத்துக்கு மேல் ஓடும்போது டி போட்டால் எந்த நல்ல கியர்பாக்ஸும் இடிக்கத்தான் செய்யும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ஆர்.பி.எம். முள் மேலே இருக்கும்போது கியர் போடுகிற பழக்கமும் இதில் சேர்த்தி. முள் இறங்கும் வரை பொறுங்கள், பல வீடுகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, தாமதம். பிரேக்கை மிதித்தபடி என்-இலிருந்து டி-க்கு மாற்றி, வண்டி அசைவை உணரும் வரை எண்ணுங்கள். டொயோட்டா பட்டறைக் கையேடுகள் டி-க்கு 1.2 விநாடி, ஆர்-க்கு 1.5 விநாடிக்குள் என்று வைத்திருக்கின்றன. இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டு 'டங்' என்று விழுந்தால் ஆயில் குறைவு அல்லது உள்ளே அழுத்தம் கசிவது என்று சந்தேகிக்கலாம். உடனே விழுந்து இடித்தால் மவுண்டிங், கிராஸ் பக்கம் பாருங்கள்.

மவுண்டிங் ரப்பரைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கை அழுத்தி மிதித்து, கை பிரேக்கையும் போட்டு, டி-க்கும் ஆர்-க்கும் நிதானமாக மாற்ற வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்குக் கீழே உள்ள மவுண்டிங் மேலிருந்து தெரியாது, அதற்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது பழுதே அல்ல. செட்டிநாட்டு வீடுகள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியவை. பல வீடுகளில் கொட்டகைக்குள் ஏற ஒரு சரிவு உண்டு. வண்டியைச் சரிவில் நிறுத்தி, பி போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பூட்டுக் கொக்கியில் தொங்கும். மறுநாள் பி-யிலிருந்து எடுக்கும்போது அது 'டொக்' என்று விடுபடும். இதைத் தவிர்க்க, பிரேக் மிதித்து என் போடுங்கள், கை பிரேக்கை இழுங்கள், கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி கை பிரேக்கில் நிற்கிறதா என்று பாருங்கள், மறுபடி பிரேக் மிதித்து பி போடுங்கள். பழகினால் ஐந்து விநாடி வேலை.

அடியில் இறங்கிப் பார்ப்பது

என் கணிப்பில் பிக்கப் 'டங்'குகளில் பெரும்பகுதி இங்கேதான் மாட்டும், எனவே நேரத்தை இங்கே செலவழியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கை பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, கியரை என்-இல் விடுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் இரண்டு சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். சாவி பல வண்டிகளில் பி-யில்தான் கழலும் என்பதால், யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டு இறங்குங்கள். சைலன்ஸர் ஆறியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். பிக்கப்புக்கு ஜாக்கி இல்லாமலே உள்ளே நுழைய இடமிருக்கும்.

ஜாயின்ட் ஷாஃப்டைக் கையால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். ஒவ்வொரு கிராஸிலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே அசைய வேண்டும். ஒரு பக்கம் திரும்பிய பிறகு மறு பக்கம் திரும்பினால் கிராஸ் தேய்ந்துவிட்டது. கப்பைச் சுற்றித் துருப்பொடி படிந்திருந்தால் கிரீஸ் வற்றி உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் அரைபடுகின்றன என்று அர்த்தம். கிராஸ் நன்றாக இருந்து, ஷாஃப்ட் மட்டும் கொஞ்சம் திரும்பி கிரவுனில் 'டக்' என்று நின்றால் அது கிரவுன் பினியன் இடைவெளி. கொஞ்சம் இருக்கும். அது அதிகமா என்பதை அதே மாடல் இன்னொரு வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் சென்டர் பேரிங் இருக்கும். அதன் ரப்பர் கிழிந்தால் வண்டி நகரத் தொடங்கும்போது தரைக்கு அடியில் கடகடவென்று நடுங்கும், முக்கியமாகச் சுமையோடு.

அப்புறம் ஸ்லிப் யோக். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது ஷாஃப்டின் நீளம் மாற வேண்டும், அதற்காக ஒரு பல் குழாய் இன்னொன்றுக்குள் வழுக்கும். அங்கே கிரீஸ் வற்றினால் அது சிக்கிக்கொண்டு நிற்கும், பிறகு திடீரென விடுபடும். அடையாளம் தெளிவானது: பிரேக் போட்டு வண்டி முழுதாக நின்ற பிறகு, பின்னாலிருந்து யாரோ மெல்ல இடித்த மாதிரி ஒரு தள்ளல் வரும். அது கியர் இறங்குகிற இடி என்று நினைத்து கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடி வரை பிரிக்கச் சொன்னவர்கள் உண்டு. கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னால் இரண்டு மூன்று அழுத்து கொடுங்கள். அளவுக்கு மீறி அடித்தால் உள்ளே வழுக்க இடமில்லாமல் போகும். நிப்பிள் இல்லையென்றால் கழற்றித் துடைத்துத் தடவ வேண்டும். கழற்றும் முன் இரண்டு துண்டிலும் நேருக்கு நேர் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் புதிதாக ஒரு அதிர்வு கிளம்பிவிடும். செம்மண் புழுதியிலும் கண்மாய்க் கரையிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் சொன்னதைவிடச் சீக்கிரமே கிரீஸ் வைப்பது நல்லது.

கடைசியாகப் பட்டை. பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தால் ஆக்ஸிலே முறுக்கிக்கொண்டு இடிக்கும். டைல்ஸ் மாதிரி கனமான சுமை ஏற்றும் வண்டியில் யூ போல்ட்டையும் பட்டையின் புஷ்களையும் தவறாமல் பாருங்கள்.

ஆயில்

இதுவரை ஒன்றும் மாட்டவில்லையா? சரி, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு வருவோம். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் சூடான நிலையில், சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் பார்க்கிற பழக்கத்தில் அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு அதிகமாகக் காட்டும். இன்றைய ஆறு கியர் பெட்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கம்பெனி சொன்ன ஆயில் வெப்பநிலையில், அதாவது பெரும்பாலும் 40 டிகிரி சுற்றளவில், எஞ்சின் ஓடும்போது ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து, மெலிதாக வழியும் அளவுக்கு வைக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில் வண்டி நின்ற இடத்திலேயே அந்தச் சூட்டை நெருங்கிவிடும், அதனால் ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) வெப்பநிலை பார்க்காமல் அளவு வைப்பவரிடம் விடாதீர்கள்.

புது ஆயில் பொதுவாகச் சிவப்பு. பழுப்பாகியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கருத்துப்போய் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. அப்படிக் கண்டால் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான பானைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தில் மாவு போல மெல்லிய இரும்புப்பொடி ஒட்டியிருப்பது சாதாரணம். கையில் உரசும் துணுக்கு இருந்தால் அது சாதாரணமல்ல.

ஆயிலின் தரம் மாடலுக்கு மாடல் வேறு. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது போதும்" என்று கொடுக்கும் டின்னை வாங்காதீர்கள். கையேட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அது மட்டும். 'வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. சுமை இழுக்கிற வண்டிக்கு 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவதே என் கணக்கு. பிளக்கைத் திறந்து வடித்தால் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவாகவே வரும், மீதி டார்க் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். ஆகவே வடித்து நிரப்பி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி அதையே செய்வது நல்லது. ஒருபோதும் ஆயில் மாற்றாத பழைய பெட்டியில் மெஷின் வைத்து அழுத்தமாக ஃபிளஷ் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயரும் எலியும்

ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாண சாந்திக்கோ வரும்போதுதான் வண்டி வெளியே வரும். அதுவரை கொட்டகையில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியரை மாற்றுவது ஒரு கணினி. வோல்ட் குறைந்தால் அது குழம்பும், கியர் முரட்டுத்தனமாக விழும், சில சமயம் தற்காப்புக்காக ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அருகிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையிலும் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் இல்லாவிட்டால் பேட்டரிக் கடையில் பார்த்துச் சொல்வார்கள்.

எலியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நின்ற வண்டியில் கியர்பாக்ஸுக்கு மேலே போகும் வயர்க் கொத்து எலிக்கு நல்ல இடம். ஒரு வயர் பாதி கடிபட்டிருந்தால் பழுது வந்து வந்து போகும், குலுங்கும்போது மட்டும் வரும், பட்டறையில் காட்டும்போது வராது. ஊர் வந்ததும் வண்டியை எடுக்கும் முன் டார்ச் அடித்து வயர்களையும் கனெக்டர்களையும் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கடுத்து ஸ்கேனர். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான புளூடூத் கருவிகள் பல எஞ்சினை மட்டுமே படிக்கும். பி0700 என்ற பழுதுக் குறியீடு வந்தால் 'கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது' என்பதோடு சரி, விவரத்துக்கு அதைப் படிக்கத் தெரிந்த கருவி வேண்டும். பி0715 உள்தண்டு வேக சென்சார், பி0720 வெளித்தண்டு வேக சென்சார், பி0741 டார்க் கன்வர்ட்டர் லாக்கப் (கன்வர்ட்டரை நேராகப் பூட்டும் கிளட்ச்), பி0750 தொடங்கும் வரிசை கியர் மாற்றும் சொலினாய்டுகள் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்). குறியீடு வந்த பாகத்தையே உடனே மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. வேக சென்சார் குறியீடுகளில் பல கனெக்டரைத் துடைத்தாலே போய்விடும்.

எஞ்சின் பக்கமும் ஒரு பார்வை: ஏர் ஃபில்டர் செம்மண் அடைத்தோ, டர்போ ஹோஸ் கிழிந்தோ இருந்தால் எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்ற தகவலே கணினிக்குத் தவறாகப் போகும். அது தவறான அழுத்தத்தில் கியரைப் போடும்.

இனி உள்ளே

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் இப்போது பெட்டிக்குள் சந்தேகப்படலாம்.

ஒரே ஒரு மாற்றம் மட்டும், உதாரணமாக இரண்டிலிருந்து மூன்று மட்டும், இடித்தால் அந்தக் கியருக்கான சொலினாய்டோ கிளட்சோ காரணமாக இருக்கும். எல்லா மாற்றமும் இடித்தால் மொத்த அழுத்தத்தையோ கணினியையோ பாருங்கள். குளிரில் சரியாக இருந்து சூடானதும் தொல்லை என்றால் சீல் தேய்வு, வால்வு பாடி தேய்வு. கியர் மாறும் நேரத்தில் முள் சட்டென ஏறி, பிறகு இடித்து விழுந்தால் கிளட்ச் வழுக்குகிறது, அந்த வண்டியில் சுமை ஏற்றாதீர்கள்.

சீராக 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது வண்டி நடுங்கினால் அது லாக்கப்பாக இருக்கலாம். காலி ரோட்டில், ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். நடுக்கம் உடனே நின்றால் லாக்கப்தான். ஆரம்ப நிலையில் ஆயில் மாற்றினாலே இது குறைவதுண்டு. பிரேக்கை மிதித்தபடி முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும் ஸ்டால் சோதனை என்று ஒன்று சொல்வார்கள். அதைப் பட்டறைக்காரர் செய்யட்டும், சில விநாடி கூடினாலே ஆயில் வெந்துவிடும்.

பட்டறையில் பெட்டியை இறக்கச் சொன்னால் மூன்று கேளுங்கள்: ஸ்கேன் அறிக்கை, கழற்றிய பானின் போட்டோ, ஆயில் அழுத்தம் அளந்த எண். மூன்றும் இல்லாமல் "இறக்கிப் பாத்தாத்தான் தெரியும் தம்பி" என்றால், "சரிண்ணே, வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி வந்துவிடுங்கள். வேலை முடிந்து வரும்போது கியர்பாக்ஸ் கணினி பழகி வைத்திருந்த பழைய பதிவை அழித்துப் புதிதாகப் பதியவைத்தார்களா என்றும் கேளுங்கள். பேட்டரி கழற்றினாலும் ஆயில் மாற்றினாலும் கணினி பழகிக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டியிருக்கும். அதுவரை நிதானமாக ஓட்டுங்கள், அந்தச் சில நாள் உதறலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்துப் பழகியவர்களைத் தேடி மதுரைக்கோ திருச்சிக்கோ போக நேரலாம், காரைக்குடியிலிருந்து இரண்டும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பெட்டிக்குள் ஆயில் பம்ப் சுற்றாது. சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே இருப்பது காய்ந்தே தேயும். முழு வண்டியையும் ஏற்றிப் போகும் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் ஜாயின்ட் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். அப்போதும் பெயின்ட் கோடு போட மறக்காதீர்கள்.